வில்சன் பேரில் ரெண்டு வருஷம்

எல்சிக்கு ஒரு வியாதி உண்டு. யார் எந்த நாட்டுக்குப் போகிறார்கள், படிக்கவா வேலைக்கா, படிக்கப் போனால் அங்கே வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்ய விடுவார்கள் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் 'அந்தோணியார் ஜெராக்ஸ், ஆன்லைன் சர்வீஸ்' என்று பலகை மாட்டிய கடை அவளுடையது. ஆறடிக்குப் பத்தடி இடம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், போட்டோ எடுக்கச் சுவரில் ஒரு நீலத் திரை. ஆதார் திருத்தம், கரண்டு பில் என்று வருகிற கூட்டத்துக்கு நடுவே விசா விண்ணப்பத்தோடு யாராவது வந்துவிட்டால் அவள் முகமே மாறிவிடும். மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, "குந்து குந்து, எந்த ஊரு?" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவாள்.

ஆஸ்திரேலியாவில் படிக்கிறவர்கள் இரண்டு வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் வேலை செய்யலாம். கனடாவில் வாரத்துக்கு இருபத்து நான்கு. இங்கிலாந்தில் இருபது. இதெல்லாம் அவளுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். அவள் தன் வாழ்நாளில் போயிருக்கும் அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி.

ஒரு நாடு நம்மைப் பார்த்து என்ன கேட்கிறது என்பதை வைத்தே அந்த நாட்டின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது எல்சியின் கொள்கை. சில நாடுகள் அப்பா பெயரைக் கேட்கும். சில நாடுகள் அப்பா இருக்கிறாரா இல்லையா என்றுகூடக் கவலைப்படாது. ஒரு நாட்டின் படிவத்தில், 'இனப்படுகொலையில் ஈடுபட்டதுண்டா' என்று ஒரு கேள்வி இருந்தது. அதை அவள் சத்தமாக வாசித்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த காசிமேட்டு நர்ஸ் பெண், "இத்தப் போயி எவன்கா ஆமான்னு எழுதுவான்?" என்று சிரித்தாள். எல்சி சிரிக்கவில்லை. எவனோ ஒருவன் எழுதியிருப்பானோ, அதனால்தான் கேட்கிறார்களோ என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

விண்ணப்பம் நிரப்புவதில் அவளுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. பொய் இருக்கக் கூடாது. ஓட்டையும் இருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு மாதம்கூட விடாமல் கணக்கு வந்துவிட வேண்டும். இந்த இரண்டு சட்டமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் என்பது, சொந்தக் கொழுந்தன் பென்னி வந்து ஸ்டூலில் உட்காரும்வரை அவளுக்குத் தெரியாது.

பென்னிக்கு இருபத்தேழு வயது. துறைமுகத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை. இறாலும் மீனும் இறைச்சியும் ஏற்றிக்கொண்டு வருகிற குளிர்ப் பெட்டிகள் இருக்கின்றனவே, கப்பல் வரும்வரை அவற்றுக்கு மின்சாரம் கொடுத்து, சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது அவன் பொறுப்பு. ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தவன். கைவேலை சுத்தம். ஆனால் கான்ட்ராக்ட் வேலையில் கை சுத்தமாக இருந்து என்ன பயன்? பத்து வருடம் கழித்தும் அதே சம்பளம், அதே நுழைவுப் பாஸ்.

"அண்ணி, நான் இன்னும் கொஞ்சம் படிக்கணும். ஆனா சம்பாதிக்காம ஒக்காந்துகினு படிக்க முடியாது. ரெண்டும் சேந்தாப்புல எந்த ஊர்லனா விசா கீதா?" என்று கேட்டான்.

"ஏன், திடீர்னு இன்னா?"

"தெருமுனைல ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் கூப்புட்டு வெச்சிப் பேசினாரு."

எல்சிக்குச் சுருக்கென்றது. ஸ்டானிஸ்லாஸ் கன்சல்டன்சி வைத்திருப்பவர். வாயைத் திறந்தால் கனடா, மூடினால் மால்டா. அவர் பென்னியிடம் சொன்னது இதுதான்: ஏதாவது ஒரு கல்லூரியில் பிசினஸ் படிப்புக்குச் சேர்த்துவிடலாம், பகுதி நேர வேலை பார்த்துக்கொள்ளலாம். ஒரே சிக்கல், நடுவே இரண்டு வருடம் எதுவுமே காட்ட முடியவில்லை. 'அத்த நான் அடைச்சுர்றேன். தெரிஞ்ச கம்பெனி கீது, கம்ப்யூட்டர் ஆபரேட்டரா வேலை செஞ்சான்னு லெட்டர் குடுப்பாங்கோ. திங்கக்கெயம ஒரிஜினல் பாஸ்போர்ட்ட கொண்டாந்து குடுத்துடு.'

"குடுத்தியா?"

"இன்னும் இல்ல."

"குடுத்தீன்னா கைய ஒடச்சிருவேன்," என்றாள் எல்சி. பழைய வண்ணாரப்பேட்டைப் பெண் ஒருத்தி இப்படித்தான் யாரோ கொடுத்த போலி லெட்டரை வைத்து மாட்டிக்கொண்டு, பத்து வருடத்துக்கு அந்த நாட்டுப் பக்கமே தலைகாட்ட முடியாமல் ஆனாள். அவளுடைய நிராகரிப்புக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததே எல்சிதான்.

அன்றிலிருந்து மூன்று நாள் எல்சி வேறு வேலை பார்க்கவில்லை. படிப்பும் சம்பளமும் சேர்ந்தாற்போல் என்று பென்னி கேட்ட கேள்வி அவளைப் பிடித்து ஆட்டியது. மாணவர் விசாக்கள் எல்லாம் முதலில் படிப்பு, மிச்ச நேரத்தில் வேலை என்றன. வேலை விசாக்கள் எல்லாம் முதலில் பட்டம் எங்கே என்றன. ஜெர்மனிக்காரன் 'வாய்ப்பு அட்டை' என்று ஒன்று வைத்திருந்தான். அதைக் கொண்டு அங்கேயே போய் வேலை தேடலாம். ஆனால் அதற்கு வயதுக்கு இத்தனை புள்ளி, அனுபவத்துக்கு இத்தனை புள்ளி என்று பரீட்சை மாதிரி இருந்தது. போதாததற்கு ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவையும் முன்கூட்டியே வங்கியில் போட்டு வைக்கச் சொன்னான். அந்தப் பக்கத்தை மூடப் போகும்போதுதான் கீழே இன்னொரு கதவு தெரிந்தது.

தொழிற்பயிற்சி விசா. ஒரு கம்பெனி நம்மைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். பாதி நாள் பட்டறை, பாதி நாள் பள்ளிக்கூடம். முதல் மாதத்திலிருந்தே சம்பளம். முடித்துவிட்டால் அங்கேயே வேலைக்குத் தங்கலாம். நடுத்தரமாக ஜெர்மன் பேசத் தெரிய வேண்டும், பள்ளிச் சான்றிதழ் வேண்டும், கம்பெனியின் ஒப்பந்தம் வேண்டும். தொழில்களின் பட்டியலைக் கீழே கீழே இழுத்துக்கொண்டே போனாள். ரொட்டி சுடுகிறவன், முடி வெட்டுகிறவன், ரயில் ஓட்டுகிறவன். அதற்குக் கீழே, குளிர்சாதன இயந்திரம்.

"டேய் பென்னி," என்று போனில் கத்தினாள். "கம்பெனியே சம்பளம் குடுத்து, ஐஸ் பொட்டிய ரிப்பேர் பண்றதுக்குப் படிக்க வெக்கிறானாம்டா. மூணரை வருசம்!"

"சொம்மா ஓட்டாத அண்ணி."

"மெய்யாலுமே சொல்றேன். வந்து பாரு."

அப்புறம் பத்து மாதம் பென்னி எழும்பூரில் ஜெர்மன் வகுப்புக்குப் போனான். இரவு வேலை முடித்து, குளித்துவிட்டு, கடைக்கு வந்து உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பான். வீட்டில் படித்தால் தூங்கிவிடுகிறானாம். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த எல்சிக்கும் பாதி ஒட்டிக்கொண்டது. ஆர்பைட் என்றால் வேலை, பாப்பியர் என்றால் காகிதம், ப்ரூடர் என்றால் சகோதரன், மான் என்றால் புருஷன். மெஷினில் தாள் தீர்ந்தால், "பாப்பியர் காலிடா" என்பாள். ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் 'டாங்கே' என்று நன்றி சொல்ல ஆரம்பித்தாள். அது 'தாங்க' என்று காதில் விழ, அவர்கள் ஏதோ பணம் குறைகிறது என்று நினைத்துப் பையைத் துழாவினார்கள்.

நாற்பத்தொரு கம்பெனிக்கு எழுதிப் போட்டதில் ஒன்று பதில் போட்டது. வடக்கு ஜெர்மனியில் பிரேமர்ஹாவன் என்று ஒரு துறைமுகம். அங்கே குளிர்ப் பெட்டிகளைப் பழுது பார்க்கிற சின்ன நிறுவனம். லூட்கே என்பவர் புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வீடியோவில் பேசுவார் என்று கடிதம் வந்தது. எல்சி உடனே வரைபடத்தில் பிரேமர்ஹாவனைத் தேடினாள். மேலே இருந்து பார்த்தால் கிரேன்களும் பெட்டி அடுக்குகளும் நம்ம ஊர் மாதிரியே இருந்தன. கடல்தான் தப்பான பக்கத்தில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பனைமரத்தொட்டியில் இருந்த தங்கள் வீட்டில் எல்சி அந்த இரண்டு வருடப் பேச்சை எடுத்தாள். எடுத்திருக்கவே கூடாது, ஆனால் எடுக்காமலும் முடியாது. கம்பெனிக்குக் கடைசியாக அனுப்ப வேண்டிய வாழ்க்கைக் குறிப்பில் 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஆகஸ்டு வரை ஒரு ஓட்டை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

அந்த இரண்டு வருடம் பென்னி சும்மா இருக்கவில்லை. நாய் மாதிரி உழைத்தான். என்ன செய்வது, உழைத்தது அவன், பெயர் வில்சன்.

வில்சன் எல்சியின் புருஷன், பென்னிக்குப் பத்து வயது மூத்தவன். அதே கான்ட்ராக்டரிடம் குளிர்ப் பெட்டிகளுக்குப் பிளக் மாட்டுகிற வேலையில் முதலில் இருந்தவன் அவன்தான். 2019-இல் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி அவன் டூ வீலரை ஓரம் கட்டியதில் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மூன்று மாதம் ஆள் வராவிட்டால் பாஸை ரத்து செய்துவிட்டு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அதனால் துறைமுகத்தில் பலரும் செய்வதையே அவர்களும் செய்தார்கள். அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி, அண்ணன் பெயரிலேயே உள்ளே போனான். சூப்பர்வைசருக்குத் தெரியும், வேலை நடந்தால் சரி என்று கண்டுகொள்ளவில்லை. ஊரே அடங்கிக் கிடந்த நாட்களில்கூட பென்னி வில்சனாகப் போய் வில்சனாகத் திரும்பி வந்தான். அந்தச் சம்பளத்தில்தான் வில்சனின் காலுக்கு இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. கால் தேறி வில்சன் வேலைக்குத் திரும்பிய பிறகுதான் பென்னிக்குத் தன் பெயரில் ஒரு பாஸ் கிடைத்தது.

"உள்ளத உள்ளபடி எய்திட்டா இன்னா?" என்றாள் எல்சி.

வில்சன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளினான். "உனுக்கு இன்னா பைத்தியமா? என் பேர்ல வேற ஆளு வேல செஞ்சான்னு எய்துவியா? நாளைக்கு இங்க எவனுக்கனா தெரிஞ்சா என் வேல போவும். அந்த ரெண்டு வருசத்து பி.எஃப்.பையும் புடுங்கிக்குவானுங்க. போலீசு கேசு ஆனாலும் ஆவும்."

"ஜெர்மனில கீறவன் இங்க வந்து சொல்லப் போறானா?"

"பேப்பர்ல எய்துனது எங்க வோணாலும் போவும். நீதான தெனம் சொல்லுவே?"

அது உண்மை. அவள்தான் தினம் சொல்வாள்.

"உடு அண்ணி," என்றான் பென்னி. "அண்ணன பாத்துக்கினு வூட்ல இருந்தேன்னு போட்டுடு. அதுவும் மெய்தான? காலைல வந்து நான்தான குளிப்பாட்டி உட்டேன்."

எல்சிக்கு அது பிடித்துவிட்டது. முழுப் பொய்யும் இல்லை, ஓட்டையும் இல்லை. 'உடல்நலமில்லாத சகோதரரைப் பராமரித்தல்' என்று அழகாக எழுதி அனுப்பினாள். கூடவே, சூப்பர்வைசர் கொடுத்திருந்த அனுபவக் கடிதத்தையும் பென்னியை வைத்து ஜெர்மனில் மொழிபெயர்த்து இணைத்தாள். பென்னி சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே இரவுப் பணியில் முந்நூறு பெட்டிகளைத் தனியாகக் கவனித்துக்கொண்டான் என்று அதில் மனுஷன் வாயாரப் புகழ்ந்திருந்தார். இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத்தான் ஸ்கேன் செய்தாள். ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை இரண்டு மணிக்கே கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள். பென்னி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். வில்சன் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்க்க வந்தவன் போகவில்லை. சுவரோரம் ஜெராக்ஸ் தாள் பண்டல்களின் மேல் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். எல்சி கேமராவில் படாமல் பென்னிக்கு இடது பக்கம் ஸ்டூலில் இருந்தாள். அவளுக்குப் பயத்தைவிட ஆவல்தான் அதிகம். ஒரு நாடு நேரிலேயே பேசப் போகிறது, என்ன கேட்கும்?

சரியாக இரண்டரைக்கு லூட்கே வந்தார். அறுபது வயது இருக்கும். நரைத்த தாடி, கழுத்தில் கண்ணாடி தொங்கியது, பின்னால் ஒரு பட்டறை. பெரிய ஆபீசரை எதிர்பார்த்திருந்த எல்சிக்கு அவர் கை நகத்தில் கிரீஸைப் பார்த்ததும் பாதி தைரியம் வந்துவிட்டது. அவர் எல்சிக்கே பாதி புரியும்படி ஜெர்மனில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஊர் எப்படி, மழை உண்டா, குளிரைத் தாங்குவாயா என்று கேட்டார். பென்னி, தான் தினமும் மைனஸ் பதினெட்டுப் பெட்டிக்குள் போய் வருவதாகச் சொன்னான். லூட்கே சிரித்தார். இயந்திரத்தைப் பற்றி நாலைந்து கேள்வி கேட்டார். பென்னி கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னான். வார்த்தை வராத இடத்தில் கம்ப்ரசர் மாதிரியே சத்தம் போட்டுக் காட்டினான். எல்சி உள்ளுக்குள் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் லூட்கே கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தாள்களைப் புரட்டினார்.

"ஒன்று எனக்குப் புரியவில்லை," என்றார். "இரண்டு வருடம் வீட்டில் சகோதரனைக் கவனித்துக்கொண்டாய். மறுநாள் துறைமுகத்தில் சேர்ந்தாய். முதல் வாரமே முந்நூறு பெட்டி, தனியாக. என் பட்டறையில் இரண்டு வருடம் கற்றவனிடம்கூட நான் முப்பது பெட்டியைத் தனியாக விடமாட்டேன். இந்தக் கடிதம் பொய்யா?"

பென்னி எல்சி பக்கம் திரும்பினான். அந்தக் கடிதம் சத்தியம். அதைப் பொய் மாதிரி ஆக்கியது அவள் எழுதிய அந்த ஒற்றை வரி. ஓட்டையை அடைக்கிறேன் பேர்வழி என்று கொழுந்தனின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னா கேக்குறான்?" என்று பின்னாலிருந்து வில்சன் மெதுவாகக் கேட்டான். அவனுக்கு ஜெர்மன் தெரியாது. தம்பியின் முதுகு தெரியும்.

"மொத வாரமே எல்லா வேலையும் எப்டித் தெரியும்னு கேக்குறாரு. லெட்டரு டூப்பான்னு கேக்குறாரு," என்றாள் எல்சி.

வில்சன் சுவரைப் பிடித்து எழுந்தான். பர்ஸை எடுத்து, அந்தோணியார் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய அட்டையை உருவினான். காலை இழுத்து இழுத்து நடந்து கேமராவுக்கு முன்னால் வந்து நின்றான்.

"அண்ணா, வேணாம்," என்றான் பென்னி.

"நீ சொம்மா இரு. சார், குட் ஆப்டர்நூன் சார்." வில்சன் அட்டையைத் திரைக்கு நேரே நீட்டினான். "எல்சி, அந்தாளு பாஷைல சொல்லு. இது என் பேரு. மூஞ்சி யார்துன்னு பாக்கச் சொல்லு."

எல்சியும் அப்போதுதான் பார்த்தாள். அது 2020-ஆம் வருடத்து துறைமுக நுழைவுப் பாஸ். வில்சன் என்று பெயர். வில்சனின் பிறந்த தேதி, வில்சனின் ரத்த வகை. படத்தில் இருந்தது பென்னி. அண்ணனைப் போலவே மீசை வளர்த்து, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, வயதுக்கு மீறிய ஆளாகத் தெரிய முயற்சி செய்துகொண்டு. பின்னால் அவள் கடையின் நீலத் திரை, இடது ஓரத்தில் அதே மடிப்பு. கடை திறந்த புதிதில் அவளே எடுத்துக் கொடுத்த படம். எதற்கு என்று அன்றைக்கு பென்னி சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் ஓடிக்கொண்டிருந்தவள் கேட்கவும் இல்லை. உலகத்தில் எல்லாரையும் துருவித் துருவிக் கேட்கிற எல்சி கேட்காமல் விட்டது அது ஒன்றைத்தான். பாஸ் தொலைந்துவிட்டது என்று ஆபீசில் சொல்லிவிட்டு, இதை வில்சன் இத்தனை வருடம் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான்.

பென்னி மொழிபெயர்க்க மாட்டேன் என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். எல்சி ஸ்டூலோடு நகர்ந்து கேமராவுக்குள் வந்தாள். பத்து மாதமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டே பொறுக்கிய வார்த்தைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்தாள்.

வில்சனைக் காட்டி, "மைன் மான்," என்றாள். என் புருஷன். காலைத் தொட்டுக் காட்டி, "கபுட்," என்றாள். உடைந்தது. அட்டையைத் தொட்டாள். "ஸ்வை யாரெ. பாப்பியர் வில்சன். ஆர்பைட் பென்னி."

இரண்டு வருடம். காகிதத்தில் வில்சன், உழைப்பில் பென்னி. அவ்வளவுதான், அதற்குமேல் அவளிடம் வார்த்தை இல்லை. ஆனால் அதற்குமேல் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

லூட்கே அட்டையை இன்னும் கிட்டே காட்டச் சொன்னார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு கொஞ்சம் கடுமையாகவே பேசினார். எங்கள் துறைமுகத்தில் இப்படிச் செய்தால் இரண்டு பேருக்கும் அன்றே வேலை போய்விடும், இது சரியில்லை, இதை இங்கே ஒருபோதும் செய்யக் கூடாது என்றார். பென்னி ஒவ்வொன்றுக்கும் 'யா, யா' என்று தலையாட்டினான்.

"அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பெட்டி கெட்டுப்போனது?" என்று கேட்டார்.

"ஒன்று," என்றான் பென்னி. இப்போது அவனுக்குப் பேச்சு வந்தது. "இறால். புதிதில். திரையில் மைனஸ் பதினெட்டு என்று எண் சரியாகத்தான் இருந்தது. எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டேன். சத்தத்தைக் கேட்கவில்லை. கம்ப்ரசர் நின்றிருந்தது, திரை பழைய எண்ணிலேயே உறைந்திருந்தது. அன்றிலிருந்து முதலில் காதை வைத்துக் கேட்பேன், பிறகுதான் எண்ணைப் பார்ப்பேன்."

லூட்கே எதையோ எழுதிக்கொண்டார். எல்சிக்குக் கழுத்தை நீட்டி அது என்னவென்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கழுத்து எட்டுமா?

"இந்தப் பயிற்சிக்கு முன் அனுபவமே தேவையில்லை," என்றார் அவர். "நான் ஆர்வத்தில்தான் கேட்டேன். அந்தச் சகோதரனைப் பராமரித்த வரியை எடுத்துவிடுங்கள். காலியாக இருந்தால் எனக்குக் கவலையில்லை. கடைசியாக ஒரு கேள்வி. என்னிடம் வரப் போவது யார், வில்சனா, பென்னியா?"

அது வேடிக்கையா நிஜமா என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. பெயர்கள் மட்டும் வில்சனின் காதில் விழுந்தன. எல்சி சொல்வதற்கு முன்பே அவன் புரிந்துகொண்டு, தம்பியின் தோளில் கையை வைத்து, "பென்னி சார்," என்றான். "திஸ் டைம், பென்னி."

பன்னிரண்டாம் நாள் ஒப்பந்தம் வந்தது. ஸ்டானிஸ்லாஸ் விஷயம் கேள்விப்பட்டு வந்து, "எந்த ரூட்டும்மா இது, எனுக்கே தெரியலையே?" என்று ஒரு நாள் முழுக்க எல்சியைக் குடைந்தார். இணையதள முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பினாள். விசா விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். 2019-இலிருந்து 2021 வரை வந்ததும் விரல் நின்றது. ஏதாவது எழுது எழுது என்று கை பரபரத்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஓட்டையை ஓட்டையாகவே விட்டுவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போனாள். அன்றைக்கு இரவு தூக்கமே வரவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம் மூன்று மாதக் காத்திருப்பு. பென்னி வழக்கம்போல் வேலைக்குப் போய் வந்தான். எல்சி பிரேமர்ஹாவனில் இன்றைக்கு மழையா வெயிலா என்று காலையில் எழுந்ததும் பார்த்தாள். வில்சன் ஒன்றும் கேட்கமாட்டான். ஆனால் கூரியர்காரன் வண்டிச் சத்தம் கேட்டால் காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவான்.

பாஸ்போர்ட் ஒரு சனிக்கிழமை காலை கடைக்கு வந்தது. பென்னி உறையைப் பிரிக்காமல் கொடுத்தான். எல்சி வாங்கிப் பிரித்தாள். பக்கத்தைப் புரட்டினாள். விசா ஒட்டியிருந்தது. எத்தனையோ பேருடைய விசாவைப் பார்த்த கண்தான், இதைப் பார்த்ததும் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. எங்கிருந்து எங்கே வரை, எத்தனை நாள், என்ன வகை என்று எப்போதும் முதலில் பார்க்கிறவள் அன்றைக்கு எதையும் பார்க்கவில்லை. அப்படியே வில்சனிடம் நீட்டினாள்.

வில்சன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எடுத்துப் போனான். ரொம்ப நேரம் பார்த்தான். ஒட்டியிருந்த தாளின் ஓரத்தில் இருந்த சின்னப் படத்தைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு பக்கத்திலிருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தான். தம்பியை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை.

"பாத்தியா எல்சி," என்றான். "மூஞ்சியும் அவன்துதான். பேரும் அவன்துதான்."